அச்சுக்கட்டையும் வாழ்த்து மடலும்

ஒரு வடிவத்தை ஒரு முறை செதுக்கி, அதனையே நூறு முறை, ஆயிரம் முறை அடுத்தடுத்துப் பதித்து ஒரு பரப்பை நிரப்புவது, மக்கள் கண்ட கைத்தொழில்களுள் மிக எளியதாகத் தோன்றுவது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ ஒன்று விழும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அப்பூவை வரிசையாக ஒற்றிக்கொண்டே சென்றால் வெறுந்தாள் பூந்தாள் ஆகிறது. அதை மடித்து உள்ளே நாலு வரி எழுதி அனுப்பினால் வாழ்த்து மடலும் ஆகிறது. "குழந்தைகளின் பொழுதுபோக்கு, இதில் வரலாறு என்ன இருக்கிறது?" என்று கேட்பாரும் உளர்.

இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குக் குறையாத வரலாறு இருக்கிறது. அதில் கடல் வாணிகம் உண்டு, கலகம் உண்டு, நாடாளுமன்றத் தடைச் சட்டங்களும் உண்டு. அதன் பெரும்பகுதி, நாம் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய இந்த அகமதாபாத் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தது என்பதுதான் நமக்கு வியப்பளிக்கும் செய்தி. சபர்மதிப் பாலத்தை அன்றாடம் கடந்து அலுவலுக்குச் செல்கிறோம். ஆனால் அவ்வாற்று நீரில் அலசிய துணிகள் எந்தெந்த நாட்டு மக்களின் உடலில் ஏறின என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வந்த ஊரின் பெருமையையும் அறிந்துகொள்வது வந்தவர் கடமையாதலின், அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

எகிப்தில் கிடைத்த கந்தல்

எகிப்து நாட்டுக் கெய்ரோ மாநகரின் தென்பகுதியில் ஃபுஸ்தாத் என்னும் பழைய நகரம் இருந்தது. அது பாழடைந்து மேடாகிப் போயிற்று. பிற்காலத்தில் அம்மேடுகளைத் தோண்டியபோது, வறண்ட மண்ணில் மக்காமல் கிடந்த பருத்தித் துணித் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. நீலமும் செம்மையுமான அத்துண்டுகளில் கொடி, பூ, வட்டம், அன்னப் பறவை ஆகிய வடிவங்கள் மீண்டும் மீண்டும் பதிந்திருந்தன. ஃபிஸ்டர் என்னும் ஆராய்ச்சியாளர் 1938-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டு, இவை இந்தியாவிலிருந்து சென்ற அச்சுத் துணிகள் என்று எடுத்துக்காட்டினார். பெர்சி நியூபெரி என்னும் எகிப்தியல் அறிஞர் சேர்த்து வைத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் இன்று ஆக்ஸ்போர்டு நகரத்து ஆஷ்மோலியன் காட்சிசாலையில் உள்ளன. ரூத் பார்ன்ஸ் அம்மையார் அவற்றை முறைப்படி ஆராய்ந்து 1997-இல் பட்டியல் வெளியிட்டார். கரியணுச் சோதனையால் கணித்தபோது, அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று தெரிந்தது. அவற்றுட் பெரும்பாலானவை குஜராத்தில் உருவானவை என்பது அறிஞர் துணிபு.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவை அரசர் உடுத்த பட்டாடைகள் அல்ல. முரட்டு நூல் துணிகள். தைத்தும் ஒட்டுப்போட்டும் கிழியும்வரை உடுத்தவை. அஃதாவது, சாமானியக் குடும்பத்தார் வாங்கக்கூடிய விலையில் அழகிய துணி கடல் கடந்து சென்றிருக்கிறது. அதற்குக் காரணம் அச்சுக்கட்டையே. ஒவ்வொரு பூவையும் கையால் எழுதியிருந்தால் அவ்விலைக்குக் கொடுக்க இயலாது. இன்னொரு வியப்பு: ஃபுஸ்தாத்தில் கிடைத்த வடிவங்களை ஒத்தவை கிழக்கே இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலும் அகப்பட்டுள்ளன. எகிப்தில் கந்தலாகிக் குப்பையில் விழுந்த அதே வகைத் துணியை அத்தீவு மலைவாழ் மக்கள் குலதனமாகப் பெட்டியில் வைத்துப் போற்றி வந்திருக்கின்றனர்.

பதித்தது எது?

நம்மில் பலர், கட்டையை வண்ணத்தில் தோய்த்துத் துணியில் ஒற்றினர் என்று மட்டும் எண்ணுவோம். அவ்வளவில் நின்றிருந்தால் முதல் வெளுப்பிலேயே சாயம் போயிருக்கும். இந்நாட்டுக் கைவினைஞர் கண்ட நுட்பம் வேறு. துணியை முதலில் கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்துவர். பிறகு இரும்புத் துருவையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கரைசலைப் பசையாக்கிக் கட்டையால் பதிப்பர். அது கடுக்காயோடு கூடிக் கருநிறமாகும். படிகாரப் பசையை மற்றொரு கட்டையால் பதிப்பர். அது அப்போது கண்ணுக்குப் பெரிதும் புலனாகாது. அத்துணியை மஞ்சிட்டி போன்ற சாய வேரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பு ஏறிவிடும். படாத இடத்தில் ஏறிய கறை, அலசி வெயிலில் உலர்த்த உலர்த்த நீங்கும். எனவே கட்டை பதித்தது சாயத்தை அன்று. சாயத்தைப் பற்றி நிறுத்தும் காரத்தையே.

நம் தமிழகக் கடற்கரையிலும் இவ்வித்தை தழைத்திருந்தது. அங்கே மஞ்சிட்டிக்குப் பதிலாகச் சாயவேர் வழங்கியது. அச்சடிச் சேலை, சீட்டித் துணி என்னும் சொற்களை நம் பாட்டிமார் வழங்கக் கேட்டிருக்கிறோம். சோழமண்டலக் கரையில் பெரும்பாலும் எழுதுகோலால் தீட்டினர். குஜராத்தில் பெரும்பாலும் கட்டையால் பதித்தனர். மசூலிப்பட்டினத்தார் கட்டையையும் எழுதுகோலையும் சேர்த்தே ஆண்டனர்.

கட்டை செதுக்கும் ஊர்

காந்திநகரை அடுத்து, சபர்மதிக் கரையில் பேத்தாபூர் என்று ஓர் ஊர் உள்ளது. அச்சுக்கட்டை செதுக்குவதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் அது. நன்கு உலர்ந்த தேக்குப் பலகையை இழைத்து, மேற்பரப்பில் வெண்சுண்ணம் பூசி, அதன்மீது சித்திரத்தைப் பிரதி எடுப்பர். பின்னர் வில்லால் இழுத்துச் சுழற்றும் துளையுளியாலும் சிற்றுளிகளாலும் வேண்டாத பகுதியைக் குடைந்தெடுப்பர். முடிந்த கட்டையை எண்ணெயில் ஊறவைப்பர். காற்று வெளியேறுவதற்கென்று சிறு துளைகள் இடுவதும் உண்டு. இன்றேல் பதிக்குங்கால் வண்ணம் திட்டுத்திட்டாக விழும்.

ஒரு பூவுக்கு ஒரு கட்டை போதாது. வெளிக்கோட்டைப் பதிக்கும் கட்டைக்கு 'ரேக்' என்று பெயர். பின்புலத்தை நிரப்பும் கட்டை 'கத்'. கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் கட்டை 'தத்தா'. நான்கு நிறம் வேண்டுமெனில் நான்கு கட்டைகள், ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். அதற்கும் மேலான அருமை ஒன்றுண்டு. கட்டையின் வலது ஓரத்தில் முடியும் கொடி, அடுத்த பதிப்பின் இடது ஓரத்தில் தொடங்கும் கொடியோடு சேர வேண்டும். மேல் ஓரம் கீழ் ஓரத்தோடு சேர வேண்டும். மயிரிழை பிசகினும் முதற்பதிப்பில் அது தெரியாது. பத்தாவது பதிப்பில் வரிசையே சாய்ந்துவிடும். இதனை அளவுகோலும் கண்ணுமே துணையாகச் செய்தவர்களின் பெயர் எந்தத் துணியிலும் இல்லை.

அகமதாபாத் நகரிலேயே வாகரி சமூகத்தார் செய்யும் 'மாதா நி பச்சேடி' என்னும் தெய்வத் துணியையும் இங்கே கூறுதல் தகும். கோயிலுக்குள் புக இடம் மறுக்கப்பட்ட மக்கள், அன்னையின் உருவத்தையும் கோயில் மண்டபத்தையும் துணியிலேயே அமைத்து, அதனைத் தெருவில் கட்டி வழிபட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. கருப்பும் அரக்குச் சிவப்பும் வெண்மையும் மட்டுமே கொண்ட அத்துணிகளின் கரைகளையும் வரிசை உருவங்களையும் கட்டையால் பதிப்பதும் மற்றவற்றை எழுதுகோலால் தீட்டுவதும் வழக்கம். கோயில் வாயில் அடைத்தபோது, தேக்குக் கட்டை ஒரு கோயிலையே கட்டிக் கொடுத்திருக்கிறது!

நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும்

ஒரே கட்டையை எவ்வாறெல்லாம் வரிசைப்படுத்தலாம் என்பது தனிக் கணக்கு. இது நம் இல்லத்தரசியர்க்குப் புதிதன்று. கோலத்துக்குப் புள்ளி வைக்குங்கால் ஒன்றன்கீழ் ஒன்றாக நேரே வைப்பது நேர்ப்புள்ளி. இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளியை வைப்பது ஊடுபுள்ளி. இடுக்குப்புள்ளி என்பாரும் உளர். அச்சுத் தொழிலாளரும் இவ்விரண்டையே அடிப்படையாகக் கொள்கின்றனர். நேர் வரிசையில் பதித்தால் பரப்பு கட்டம் கட்டமாக, அமைதியாகத் தோன்றும். அரைப் பங்கு தள்ளிப் பதித்தால் கண் சாய்வாக ஓடும், ஓரங்கள் மறையும், கட்டையின் சதுரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. இன்னும் ஒரு கட்டையைத் திருப்பித் திருப்பிப் பதித்து நான்கினை ஒரு பூவாக்குவதும் உண்டு.

அதிகாலையில் வாசலில் அரிசிமாவால் இதனைச் செய்பவர், மாலையில் தாளின் மீது வண்ணத்தால் செய்வதற்குத் தனிப்பயிற்சி வேண்டா. இரண்டும் ஒரே கணக்கு.

ஒரு பிரெஞ்சுக்காரரின் குறிப்பு

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனியார் இத்துணிகளை வாங்கக் குஜராத்துக்குப் போட்டியிட்டு வந்தனர். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான ஜார்ஜ் ரோக் என்பவர் 1678-இல், அகமதாபாத்தில் துணிக்கு எவ்வாறு அச்சிடுகின்றனர் என்பதைக் கையெழுத்துப் பிரதியாக எழுதி வைத்தார். பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் கிடந்த அக்குறிப்பை 1969-இல் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகம் அச்சிட்டு வெளியிட்டது. கலையார்வத்தால் எழுதியதன்று அது. வாங்கும் சரக்கில் ஏமாறாதிருக்க வேண்டுமென்னும் வணிகனின் எச்சரிக்கையே அதனை எழுதுவித்தது. ஆயினும் அதனால்தான், முந்நூறு ஆண்டுகட்கு முன் இந்நகரத்துத் தெருக்களில் நடந்த தொழிலைப் பற்றிக் கண்கண்ட சாட்சி நமக்குக் கிடைத்தது.

தமிழகக் கரைக்கும் அத்தகைய சாட்சிகள் உள. பியூலியூ என்னும் கடற்படை அதிகாரி 1734-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் சீட்டி எழுதும் முறையைப் படிப்படியாகக் குறித்து, ஒவ்வொரு படிக்கும் துணியின் ஒரு துண்டையும் வெட்டிச் சேர்த்து வைத்தார். கேர்து என்னும் பாதிரியார் 1742-இல் இதே பொருள் பற்றி விரிவான கடிதம் எழுதினார். நம் நாட்டார் தந்தை மகனுக்குச் சொல்லி வளர்த்த தொழில், இவ்வாறு எழுத்தில் ஏறிக் கடல் கடந்தது.

தடைச் சட்டம்

இத்துணிகளின் கவர்ச்சி ஐரோப்பாவின் அரசுகளையே அசைத்துவிட்டது. நிறம் மங்காத, தோய்த்து உடுத்தக்கூடிய, விலை மலிந்த துணி வந்தபோது, கம்பளியும் பட்டும் நெய்வோர் கூக்குரலிட்டனர். பிரெஞ்சு அரசு 1686-இல் இந்திய அச்சுத் துணிகளையும், அவற்றைப் போன்று உள்நாட்டில் செய்வதையும் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து நாடாளுமன்றம் 1700-இல் அச்சுத் துணி இறக்குமதியைத் தடுத்தது. அதுவும் போதாமல், 1719-இல் லண்டன் நெசவாளர் கலகம் செய்து, தெருவில் சீட்டி உடுத்திச் சென்ற பெண்டிரின் ஆடைகளைக் கிழித்தெறிந்தனர். 1721-இல் அத்துணியை உடுத்துவதே குற்றம் என்னும் சட்டம் வந்தது. 1774-இல்தான் பருத்தித் துணிக்கு அங்கே முழு விடுதலை கிட்டியது.

இதில் நாம் காணவேண்டிய உண்மை இது: சட்டத்தால் பூவை ஒழிக்க முடியவில்லை. தடை நடந்த ஆண்டுகளிலெல்லாம் ஒளிவுமறைவாகத் துணி வந்துகொண்டிருந்தது; உள்ளூரார் அதனைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டுமிருந்தனர். தடை நீங்கியபோது, வாங்குவோராய் இருந்தவர் செய்வோராகியிருந்தனர்.

துணியிலிருந்து தாளுக்கு

இனி, தாளுக்கு வருவோம். பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இந்தியத் துணியைப் பார்த்து 1648-இல் அச்சிடத் தொடங்கியவர் யார் என்று பார்த்தால், அவர் சீட்டாட்டச் சீட்டு செய்யும் தொழிலாளர் ஒருவர்! சீட்டுக்காக மரக்கட்டை செதுக்கிப் பழகிய கைக்குத் துணிக் கட்டை செதுக்குவது எளிதாயிற்று. தாளும் துணியும் தொடக்கத்திலேயே இவ்வாறு கைகோத்தன.

பதினெட்டாம் நூற்றாண்டில் இதற்கு எதிர்த்திசையிலும் வழி திறந்தது. துணிக்கென்று செதுக்கிய கட்டைகளை வண்ணப் பசையில் ஒற்றித் தாளில் பதிக்கலாயினர். அவ்வகைப் பூந்தாளுக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'கட்டூன் பப்பியர்'. 'கட்டூன்' என்பது பருத்தியைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது; எனவே 'பருத்தித் துணித் தாள்' என்பது அதன் பொருள். சிறு நூல்கட்கும் இசைப் புத்தகங்கட்கும் மேலுறையாகவும், பெட்டிகட்கு உட்பூச்சாகவும் அத்தாளை ஒட்டினர். ஐரோப்பியப் பூந்தாள் எல்லாம் இந்தியாவின் கொடை என்று நாம் கூறவரவில்லை. அங்கே வேறு வகைத் தாள்களும் உண்டு. ஆயினும் இந்த ஒரு வகையின் பெயரே தன் குலத்தைக் கூறிக்கொண்டு நிற்கிறது.

பிற்காலத்தில் இங்கிலாந்தின் கர்வன் அச்சகத்தார், தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு திரும்பத் திரும்ப வரும் வடிவத் தாள்களை உருவாக்கி, 1928-இல் மாதிரிப் புத்தகமாகவே வெளியிட்டனர். நூற்கட்டுக்கும் மேலுறைக்கும் அத்தாள்கள் பயன்பட்டன. அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல் லண்டனில் 1843-இல் ஹென்றி கோல் என்பவரால் முதன்முதல் வெளியிடப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1840-இல், ஒரு பென்னித் தபால் அங்கே வந்திருந்தது. தபால் மலிந்தபின் வாழ்த்து மலிந்தது. கடையில் வாங்கும் மடல் ஒருபுறம் பெருக, பூந்தாளை வீட்டிலேயே பதித்து மடல் செய்யும் பழக்கமும் பல நாடுகளில் வேரூன்றியது.

தாள் என்னும்போது, நம் நகரத்தின் புகழ் ஒன்றையும் விட்டுவிடலாகாது. அகமதாபாத் கையால் தாள் செய்வதிலும் ஒரு காலத்தில் தலைசிறந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த 'மிராத்-இ-அகமதி' என்னும் பாரசீக நூல், வெண்மையில் காஷ்மீரத் தாளும் தௌலதாபாத் தாளும் இந்நகரத் தாளுக்கு ஈடாகா என்று புகழ்கிறது. கூடவே குறையையும் மறைக்காமல் கூறுகிறது: மணற்பாங்கான ஊராதலின் தாளில் மணல் துகள் கலந்து, மெருகிடும்போது நுண்துளைகள் விழுமாம்! இன்றும் கோடையில் நம் சன்னல் வழியே புகும் புழுதியைப் பெருக்குவோர் இக்கூற்றை ஐயுறமாட்டார்.

ஆலையும் இருப்புப்பாதையும்

தாமஸ் பெல் என்பவர் 1783-இல் செப்பு உருளையால் துணிக்கு அச்சிடும் முறைக்கு உரிமை பெற்றார். கட்டையை எடுத்து எடுத்து வைக்க வேண்டியதில்லை. உருளை சுழலச் சுழல முடிவின்றி வடிவம் விழும். பிறகு 1869-இல் மஞ்சிட்டி வேரின் செஞ்சாயத்தைத் தார் எண்ணெயிலிருந்தே செய்யும் முறை வந்தது. 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. எந்நாடு நமக்குத் தடை விதித்ததோ, அந்நாட்டு ஆலைத் துணியே இப்போது நம் கடைவீதிக்கு வந்து சேர்ந்தது. அதனை உள்நாட்டு ஊர்தோறும் சுமந்து சென்றது இருப்புப்பாதை. நம்மில் பெரும்பாலோர்க்குச் சோறிடும் ரயில்வே ஒரு கைத்தொழிலின் நலிவுக்கும் வழியாயிற்று என்பதை வரலாற்றில் மறைப்பதற்கில்லை.

அகமதாபாத்திலும் ரண்சோட்லால் சோட்டாலால் முயற்சியால் 1861-இல் முதல் நூற்பாலை எழுந்தது. நாளடைவில் நகரமே ஆலை நகரம் ஆயிற்று. ஆயினும் கட்டை உடனே மடிந்துவிடவில்லை. சயாம் நாட்டுச் சந்தைக்கென்று, அந்நாட்டார் விரும்பும் நுண்ணிய வடிவங்களைப் பேத்தாபூர்க் கட்டைகளில் செதுக்கி, 'சௌதாகிரி' என்னும் அச்சுத் துணிகளை இப்பகுதியார் நெடுநாள் அனுப்பி வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவ்வாணிகமும் நின்றது. அக்கட்டைகள் பல வேலையின்றிக் கிடந்தன. இன்று பழம்பொருட் கடைகளில் சுவர் அலங்காரமாக விற்பனையாகும் கட்டைகளைப் பார்க்கும்போது, வண்ணம் உண்ணாத கட்டையும் பாடாத வீணையும் ஒன்றே என்று தோன்றுகிறது.

எஞ்சி நிற்பவை

நலிவு மட்டுமே வரலாறு அன்று. கௌதம் சாராபாய், கீரா சாராபாய் ஆகிய உடன்பிறப்புகளின் முயற்சியால் 1949-இல் காலிகோ அருங்காட்சியகம் இந்நகரில் நிறுவப்பட்டது. துணி வரலாற்றுக்கு உலகில் உள்ள சிறந்த இடங்களுள் அது ஒன்று. அருகில் இருந்தும் நம் காலனியார் பலர் அதனைக் காணாமலிருப்பது கண்கூடு.

கச்சு நாட்டில் தமட்கா என்னும் ஊரார், 'அஜ்ரக்' என்னும் நீலச் சிவப்பு அச்சுத் துணியை இன்றும் பழைய முறையில் செய்கின்றனர். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கம் அவ்வூரைத் தரைமட்டமாக்கிற்று. அதன்பின் அங்கே நீரும் மாறிற்று. நீரில் இரும்பு மிகுந்தால் நிறங்கள் கறுத்துவிடும். ஆகவே அவருள் பலர் பூஜ் நகரின் அருகே புதிய இடம் தேடி, அஜ்ரக்பூர் என்று தொழிலின் பெயராலேயே ஊர் அமைத்துக் குடியேறினர். வீடு இழந்தபின் முதலில் நல்ல நீர் எங்கே என்று தேடினார்களே, அந்த உறுதியை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழில் தெரிந்தவன் ஊரை உடன் கொண்டு செல்கிறான். ஊர் பெயர்ந்து வாழும் நமக்கு இது நன்கு விளங்கும்.

பேத்தாபூரிலோ செதுக்குவோர் தொகை மிகக் குறைந்துவிட்டது. திரையச்சும் கணினியச்சும் வந்தபின், பல நாள் உழைத்துச் செதுக்கும் கட்டைக்கு ஏற்ற கூலி கிடைப்பதில்லை. பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. நாமும் தந்தையர் தொழிலை விட்டு வந்தவர்களே.

நாம் செய்யக்கூடியது

நம் பக்கத்தில் மற்றொரு நலிவையும் காண்கிறோம். பொங்கல் வாழ்த்து மடல்! சிவகாசியில் அச்சாகி, கரும்பும் பானையும் உழவனும் பொலியும் அம்மடல்களைத் தை மாதம் பிறக்குமுன் கட்டுக்கட்டாக வாங்கி, ஊரிலுள்ள உறவினர் ஒவ்வொருவர்க்கும் முகவரி எழுதிய காலம் ஒன்று இருந்தது. எதிர்பார்த்த வீட்டிலிருந்து மடல் வராவிட்டால் மனத்தாங்கலும் உண்டு. கைப்பேசி வந்தபின் அது அருகிப் போயிற்று. ஒருவர் அனுப்பிய படத்தை நூறு பேர்க்கு அப்படியே தள்ளிவிடுகிறோம். அதுவும் ஒன்றையே பலமுறை பதிப்பதுதான். ஆயின் அதில் அனுப்புவோர் கை படுவதில்லை. கட்டையால் பதித்த வரிசையிலோ, ஒவ்வொரு பூவும் அதே பூவாயினும், ஒன்றில் வண்ணம் மிகும், ஒன்றில் குறையும், ஓர் இணைப்பில் நூலிழை இடைவெளி விழும். பெறுபவர் அதனைக் கண்டு, 'இது நம் பேத்தி ஒற்றியது' என்று அறிந்துகொள்வார்.

ஆதலின், நம் காலனிக் குடும்பங்கள் பொங்கலுக்கு வேண்டிய பூந்தாளைத் தாமே பதித்துக்கொள்ள வேண்டுமென்று விழைகிறோம். செய்முறை எளிது. பல மடிப்பாக மடித்த பழைய போர்வையை மேசையில் விரித்து, அதன்மீது தாளை வைக்க வேண்டும். அடியில் மென்மை இருந்தால்தான் கட்டையின் முழுமுகமும் பதியும். தட்டில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துண்டை இட்டு, கெட்டியான வண்ணத்தை அதில் தடவிக்கொள்ள வேண்டும். கட்டையை நேரே வண்ணத்தில் முக்கினால் குடைந்த இடங்கள் அடைபட்டுவிடும். பென்சிலால் மெல்லிய கோடுகள் இட்டு, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று முன்னமே முடிவு செய்க. இடப்புறம் தொடங்கி வலப்புறமாகச் செல்க. கட்டையை வைத்தபின் நகர்த்தாமல், மேலே உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, நேரே தூக்குக. முதல் நாலைந்து பதிப்பைக் கழிவுத் தாளில் போட்டுப் பழகுக. ஒரு நிறம் நன்கு உலர்ந்தபின்னரே அடுத்த நிறம்.

சிறுவர்க்கு உருளைக்கிழங்கும் வெண்டைக்காயும் அழிப்பான் ரப்பரும் போதும். பெரியோர், குடும்பத்துக்கு ஒன்றாகப் பேத்தாபூர்ச் செதுக்குநர் கையால் ஒரு தேக்குக் கட்டை வாங்கி வைத்தல் நன்று. நம் விருப்பப்படி கரும்போ, மாவிலையோ, கோலமோ வரைந்து கொடுத்தும் செதுக்கித் தரச் சொல்லலாம். வேலை முடிந்ததும் ஈரத்தூரிகையால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும், நீரில் ஊறவிடலாகாது. அவ்வாறு பேணினால் பிள்ளைகள் காலத்துக்கும் அக்கட்டை உழைக்கும். ஒரு காலனியில் இருபது குடும்பம் இருபது கட்டை வாங்கினால், அது அத்தொழிலைக் காப்பாற்றிவிடும் என்று சொல்லத் துணியோம். ஆயினும் சுவரில் மாட்டுவதற்கன்றி, பதிப்பதற்கென்றே கட்டை கேட்டு வருவோர் இருபது பேர் உண்டு என்பது அம்மக்களுக்குத் தெரியும்.

மடலின் உள்ளே எழுதுவதைப் பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். இங்கே பள்ளியில் குஜராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்று, தமிழைப் பேச மட்டும் அறிந்த பிள்ளைகள் நம்மிடையே பலர். 'தாத்தா, பாட்டிக்குப் பொங்கல் வாழ்த்து' என்னும் ஒரு வரியைப் பிழையின்றி எழுத ஒரு மாலை செலவாயினும் அது நற்செலவே. வெளியே குஜராத்துக் கட்டையின் பூ. உள்ளே தமிழ் எழுத்து. இத்தகைய மடல், நாம் எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த ஊரில் வாழ்கிறோம் என்னும் இரண்டையும் ஒருங்கே தாங்கிச் செல்லும். அடுத்த தைப்பொங்கலுக்குள் நம் சங்கக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென ஒதுக்கி, அன்னையரும் சிறுவரும் கூடிப் பூந்தாள் பதிக்க நிர்வாகத்தினர் ஆவன செய்வார்களென நம்புகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!